எடை குறைப்பு ஆபரேஷனுக்கு பிறகு படுத்தே கிடந்தால் ஆபத்து: காலில் ரத்தம் உறைவதை தடுப்பது எப்படி?

உடல் எடையை குறைக்க இரைப்பை ஆபரேஷன் செய்து கொண்டவர்கள், "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வீட்டுக்கு வந்தாச்சு, இனி பயமில்லை" என்று நினைக்கிறார்கள். ஆனால் இவர்களுக்கு காலில் ரத்தம் உறைவது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான். முதல் 30 நாட்கள் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும்.

பருமனான உடம்பில் வயிற்றின் அழுத்தத்தால் கால் ரத்தம் மேலே ஏறுவது ஏற்கனவே மந்தம். லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் கார்பன்-டை-ஆக்சைடு வாயுவை நிரப்புவதால் அது இன்னும் தேங்குகிறது. இப்படி உறைந்த கட்டி காலோடு நின்றால் வீக்கம், வலி. பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்கு போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இதை தடுக்கத்தான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அன்றே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். காற்றடித்து காலை அமுக்கி விடும் உறை மாட்டுகிறார்கள். வயிற்று தோலில் ஹெப்பாரின் வகை ஊசி போடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கதை மாறிவிடுகிறது. "பச்சை உடம்பு, அசையாம படு" என்று பெரியவர்கள் பாசத்தோடு சொல்வார்கள். அந்த பாசம்தான் இங்கே வினை. பகலில் அடிக்கடி எழுந்து வீட்டுக்குள் நடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டினால், கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும்.

சிலருக்கு வீட்டிலும் ஊசியை தொடர சொல்வார்கள். "நல்லாத்தானே இருக்கேன்" என்று பாதியில் நிறுத்தக்கூடாது. சுருங்கிய இரைப்பையில் ஒரே மூச்சாக தண்ணீர் குடிக்க முடியாது. உடம்பில் நீர் வற்றினாலும் ரத்தம் உறையலாம் என்பதால், நாள் முழுக்க மடக்கு மடக்காக குடிக்க வேண்டும். பீடி, சிகரெட் கூடவே கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெளியூரில் ஆபரேஷன் செய்துவிட்டு பஸ்சில் 7, 8 மணி நேரம் காலை தொங்கப்போட்டு வருவதும் சரியல்ல. எப்போது, எப்படி ஊருக்கு போகலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வழியில் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி நாலு எட்டு நடப்பது நல்லது.

ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்தால் தைலம் தேய்த்து நீவி விடுகிறார்கள். கூடவே கூடாது. கட்டி நகர்ந்து விடலாம். மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கி போடுவதும் தப்பு. சில மாத்திரைகள் இரைப்பையில் புண்ணாக்கி ரத்தக்கசிவை உண்டாக்கும். அன்றே ஆஸ்பத்திரிக்கு போனால் ஸ்கேன் எடுத்து பார்ப்பார்கள். திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால் வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்து நேரம் கடத்தாமல் உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். ஆம்புலன்சில் ஏறியதும், எடை குறைப்பு ஆபரேஷன் செய்த தேதியை மறக்காமல் சொல்ல வேண்டும்.