கணக்கு ஏன் சில பிள்ளைகளுக்கு வசப்படுவதில்லை?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய திருக்கடலூர்க் கரையிலே, மணலில் மூன்று பாரைமீன்கள் கிடப்பதைக் கண்டால், எண்ணாமலே மூன்று என்று சொல்லிவிடுகிறோம். எட்டுக் கிடந்தாலோ எண்ணியே ஆகவேண்டும். சிறு தொகைகளை நோக்கிய மாத்திரத்தில் அறியும் இச்சக்தி குழந்தைப் பருவத்திலேயே அரும்புவது. தொகையின் அளவை உணரும் இத்தகைய அளவுணர்ச்சிக்கு முக்கிய ஸ்தானம் மூளையின் மேற்பின்புறத்திலுள்ள ஒரு மடிப்பு என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கின்றனர்.

புத்திக்கூர்மையும் வாசிப்பும் குறைவற்றிருந்தும், இவ்வுணர்ச்சி பலவீனமாயுள்ள பிள்ளைகளுக்கு, 8 என்னும் குறி எத்தனை பொருளைச் சுட்டுகிறது என்பது மனத்திற் பதிவதில்லை. ஆகையால் 8உடன் 5ஐக் கூட்டச் சொன்னால், எட்டுக்கு மேல் எண்ணாமல், ஒன்றிலிருந்தே விரல் மடக்கத் தொடங்குகிறார்கள். நேற்று மனனம் செய்த வாய்ப்பாடும் இன்று மறந்துபோகிறது. செக்கோஸ்லோவாக்கிய உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ்ச் 1974இல் விரிவாக ஆராய்ந்த, டிஸ்கல்குலியா எனப்படும் இக்குறைபாடு, நூற்றுக்கு 3 முதல் 7 பிள்ளைகளிடம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

எனினும், கணக்கிற் பின்தங்கியோர் யாவரும் இவ்வகையினரல்லர். 2006இல் மூதூரிலிருந்து போரினால் இடம்பெயர்ந்த பிள்ளைகளைப்போலக் கல்வி தடைப்பட்டவர்களுக்கு விடுபட்ட பாடத்தைப் பொறுமையாக நடத்தினால் பெரும்பாலும் போதும். பாடம் ஒழுங்காகக் கிடைத்தும் இடர் நீங்காதவர்களுக்கே விசேஷ போதனா முறை அவசியம்.

அம்முறை யாதெனில், சிப்பிகளை ஐந்தைந்தாகக் குவித்துக் கையால் தொட்டறியச் செய்து, பின்னர் அவற்றைப் புள்ளிகளாக வரைவித்து, அதன் பின்னரே இலக்கங்களுக்குச் செல்வதாம். பிரம்பும் பரிகாசமும் பயத்தையே வளர்க்கும். பயமோ, விடைகாணும்போது இடைத்தொகையை நினைவில் நிறுத்தும் ஆற்றலையும் பறித்துவிடும். ஆதலால் சோதனையிற் சிறிது அதிக அவகாசம் கொடுப்பது சலுகையன்று, நியாயமே.