இரண்டாயிரமும் பட்டாவும்

2020ஆம் ஆண்டு புரட்டாசியில், ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்தபின், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த வயது முதிர்ந்த அம்மாள் ஒருவர் வங்கிப் புத்தகத்தை நம்மிடம் நீட்டினார். "கொரோனா பணம் என்று சொல்லித்தானே சாமி கொடுத்தார்கள்? இப்போது திருப்பிக் கட்டு என்கிறார்களே!" என்று கலங்கினார்.

அது கொரோனா பணமன்று. பிரதம மந்திரியின் கிசான் சம்மான் நிதியில் இரண்டு தவணை, நாலாயிரம் ரூபாய். சொந்த நிலமுள்ள உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வங்கிக் கணக்கிலேயே செலுத்தும் இத்திட்டம், 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கப்பெற்றது. முதலில் இரண்டு எக்டேர் வரை உள்ளோர்க்கே என்றிருந்த வரம்பு அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோரும் வேறு சிலரும் விலக்கப்பட்டனர்.

ஊரடங்குக் காலத்தில் நடந்ததை நாடே அறியும். அதிகாரிகளுக்குரிய கடவுச்சொற்கள் தனியார் கணினி மையங்களுக்குச் சென்றன. தரகர்கள் வீடு வீடாக ஆதார் எண்ணைத் திரட்டினர். வந்த பணத்தில் தமக்கொரு பங்கும் எடுத்துக்கொண்டனர். தமிழகத்தில் தகுதியற்ற ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் அளவில் பணம் சென்றதாக அரசு அறிவித்தது. நம் திருவண்ணாமலை மாவட்டமும் அப்பட்டியலில் இருந்தது. குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறை விசாரித்தது. ஒப்பந்தப் பணியாளர் பலர் நீக்கப்பட்டனர். பணம் கணக்குகளிலிருந்து மீட்கப்பட்டது.

உரிமையற்ற பணத்தைத் திருப்பித் தருவதே நீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. அம்மாளிடமும் அதையே சொன்னோம். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தது அவருக்கும் தெரியும். ஆனால் சக்கேயு வரி தண்டுவோரின் தலைவர். தம் கையால் ஏமாற்றிப் பெற்றவர். இந்த அம்மாளோ தரகனால் ஏமாற்றப்பட்டவர். தரகன் எடுத்த பங்கையும் சேர்த்து இவரே கட்ட வேண்டியதாயிற்று! இதை எண்ணி நாம் அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த அம்மாள் உழவரல்லர் என்று எவர் சொல்ல இயலும்? முப்பது ஆண்டுகளாக வாரத்திற்கு நிலம் பயிரிட்டு, ஏரிப்பாசனத்தில் நெல்லும், மானாவாரியில் மணிலாவும் விளைவித்தவர். நிலமோ பிறர் பெயரில். திட்டம் பட்டாவைப் பார்க்கிறது. ஏர் பிடித்த கையைப் பார்ப்பதில்லை. விதிப்படி குத்தகைதாரருக்கு இதில் இடமில்லை. குத்தகை உரிமையைப் பதிவுசெய்யத் தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. ஆனால் பதிவென்று சொன்னாலே அடுத்த பருவத்திற்கு நிலம் கிடைக்காதென்ற அச்சம். வாய்ச்சொல்லிலேயே வாரம் நடக்கிறது. வயலில் வியர்வை சிந்தாமல் நகரத்தில் வாழும் நிலவுடைமையாளர், விலக்குகளுக்கு உட்படாதவராயின், மூன்று தவணையும் முறையாகவே பெறுகிறார்.

நம் குடும்பங்களில் சொந்த நிலமிருந்தும் உதவி பெறாதோர் பலர். பட்டா இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே கிடக்கிறது. அண்ணன் தம்பி பேசுவதில்லை. 2019 பிப்ரவரி 1ஆம் நாளுக்குப் பின் விலைக்கு வாங்கிய நிலத்துக்குத் தடையுண்டு. வாரிசு வழியில் வந்ததற்கு அத்தடையில்லை. ஆதலின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டாவைப் பெயர் மாற்றுங்கள். ஆதார் சரிபார்ப்பை முடியுங்கள். எவரிடமும் கடவுச்சொல்லையோ கைப்பேசிக்கு வரும் எண்ணையோ சொல்லாதீர்கள். படிவம் நிரப்பத் தெரியாதோர் ஞாயிறு திருப்பலிக்குப்பின் பங்கு இல்லத்திற்கு வரலாம். நம் இளைஞர்கள் கூலியின்றி எழுதித் தருவர்.

அந்த அம்மாள் கடைசி ஐந்நூறை அவ்வாண்டு மார்கழியில் கட்டினார். ரசீதை நம்மிடம் காட்டிவிட்டு, மணிலாக் களையெடுக்கப் போனார்.