மடக்குக் கத்தியில் சில அளவுகள் ஏன் நின்றுபோகின்றன?

"அந்த அளவு இப்போது வருவதில்லை" என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கத்தியில் ஏதோ குறை இருந்திருக்கும் என்று விவசாயிகள் பலர் நினைப்பதுண்டு. பெரும்பாலும் அப்படி இல்லை.

பிரான்ஸ் நாட்டில் ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய சவாய் பகுதியில் ஜோசப் ஒபினெல் என்பவர் 1890-ல் மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்றைச் செய்தார். இவருடைய தந்தை கோடரி, வெட்டுக்கத்தி அடித்தவர். 1897-ல் அந்தக் கத்தி 1 முதல் 12 வரை எண்ணிட்டு 12 அளவுகளில் வந்தது. 1935-ல் இரண்டு அளவுகள் நிறுத்தப்பட்டன. 1-ம் எண் மிகச் சிறியது, வேலைக்கு உதவாது. 11-ம் எண்ணோ நல்ல கத்திதான். ஆனால் 10-ம் எண்ணின் அலகு 10 செ.மீ., 12-ம் எண்ணின் அலகு 12 செ.மீ. இவற்றுக்கு நடுவே அதற்கென்று தனி வேலை இல்லை.

ஓர் அளவு கூடினால் அலகு வெட்டத் தனி அச்சு, தனிப் பிடிக்கட்டை, கடைகளில் தனி இருப்பு எல்லாம் வேண்டும். நம் ஊர்க் கொல்லருக்கு இந்தத் தொல்லை இல்லை. அரை விரற்கடை கூட்டச் சொன்னால் கூட்டி அடித்துவிடுவார்!

அதே ஒபினெல் நிறுவனம், கவாத்து செய்ய வளைந்த அலகுள்ள கத்தியை இன்றும் செய்கிறது. கிளையைப் பற்றி இழுத்து அறுக்கும் அந்த வேலையை நேர் அலகு சரியாகச் செய்யாது. ஆகவேதான் அது தப்பியது என்பது என் கருத்து.

பெரிய வாடிக்கையாளர் மனம் மாறினாலும் மாதிரி நின்றுபோகும். சுவிட்சர்லாந்து ராணுவம் 1961-ல் 93 மி.மீ. கத்தியை ஏற்றது. 2008-ல், ஒரு கையால் திறக்கும் அலகும் ரம்பமும் கொண்ட 111 மி.மீ. கத்திக்கு மாறியது. பழைய ராணுவ மாதிரி நின்றது. நிறுவனங்கள் ஒன்று சேர்ந்தாலும் இதே கதைதான். 2005-ல் வெங்கர் நிறுவனத்தை விக்டோரினாக்ஸ் வாங்கியது. 2013-ல் கத்திகளில் வெங்கர் என்ற பெயரே முடிந்தது.

ஒட்டுக் கட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குக் கத்தி என்பது கைப்பழக்கம். பழகிய மாதிரி கடையில் இருக்கும்போதே இன்னொன்று வாங்கி, எண்ணெய் தடவி வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்குவோருக்குப் பல கருவிகள் செருகிய கத்தி தேவையில்லை. கூரிய அலகும், பட்டையை நெம்பும் முனையும் இருந்தால் போதும். அலகில் மாதிரி எண் பொறித்திருந்தால் அதை உடனே எழுதி வையுங்கள். சாணைக்கல்லில் தேயத் தேய அது அழிந்துவிடும்.