மூன்றாம் காலத்தில் முப்பது விநாடி

பரதநாட்டியத்தில் எந்த அடவானாலும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், ஆடவைப்பதுதான் எங்கள் பாடமுறை. முதல் காலம் நிதானம். இரண்டாவது அதற்கு இரட்டிப்பு. மூன்றாவது அதற்கும் இரட்டிப்பு. மூன்றாம் காலம் முடிந்ததும் பிள்ளைகள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவார்கள். ஆறவிட்டு அடுத்த அடவுக்குப் போவோம். இன்று ஜிம்களில் ‘ஹிட்’ (HIIT) என்று சொல்லிக்கொடுப்பதும் இதே கணக்குதான்: கொஞ்ச நேரம் முழு வேகம், பிறகு ஓய்வு, மறுபடி வேகம். ஜப்பானில் இசுமி தபாதா 1996-இல் வெளியிட்ட ஆய்வில் 20 விநாடி வேகம், 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்று சைக்கிள் மிதிக்கவைத்தார். ஆறே வாரத்தில் அந்த இளைஞர்களின் மூச்சுத்திறன் நன்றாகக் கூடியிருந்தது.

என்னிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள் வகுப்பு முடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். பாபநாசம், திருவையாறு, அம்மாப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். நாற்பதைத் தொட்டவர்களில் பலர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார்கள். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். எப்போது நடப்பது? காலையில் வாசல், சமையல், பள்ளிக்கூட வேன். சாயங்காலம் இருட்டிவிட்டால் ஊர்ச்சாலையில் விளக்கில்லை. ஐப்பசி, கார்த்திகை முழுக்க அடைமழை. “உள்ள வாங்க, ஆடலாம்” என்று கூப்பிட்டேன்.

“வீட்டு வேலையே முதுகை ஒடிக்குது டீச்சர், இதுக்கு மேல உடற்பயிற்சியா?” என்று ஓர் அக்கா கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் அலுப்பு வேறு, இதயத்துக்குக் கிடைக்கும் பயிற்சி வேறு. அவருடைய மாமியார் நாற்று நட்டார், களை பறித்தார், உரலில் நெல் குத்தினார். மூச்சு ஏறி இறங்கும் வேலை அது. இப்போது நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அடுப்படியில் மிக்ஸியும் கிரைண்டரும். நாளெல்லாம் நிற்கிறோம், ஆனால் மூச்சு வாங்கும்படி பத்து நிமிடம்கூட எதுவும் செய்வதில்லை. சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் சொன்னது.

தொடையும் பிட்டமும் உடம்பின் பெரிய தசைகள். முட்டியை மடக்கி நிற்கும் அரைமண்டியில் இரண்டுக்கும் வேலை. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ஆடி முடித்த பிறகும் ஒரு நாள்வரை, சில சமயம் அதற்கு மேலும், இன்சுலின் தசையில் நன்றாக வேலை செய்யும். வாரம் 150 நிமிட மிதமான பயிற்சிக்கு 75 நிமிடக் கடுமையான பயிற்சி ஈடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நேரமில்லாத வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

“இந்த வயசுல ஆடினா ஊர் சிரிக்காதா?” என்பது அடுத்த கேள்வி. நாம் இருப்பது தஞ்சாவூர். ராஜராஜன் பெரிய கோயிலைச் சுற்றி 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஆடுவது உழைப்பு, அதற்கு நெல் கூலி என்று எழுதிவைத்த ஊரில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் வளரிளம் பெண்களுக்காக ‘தாண்டவ்’ என்றே ஒரு ஹிட் நடனப் பயிற்சியை உருவாக்கியிருக்கிறது.

இந்த அம்மாக்களுக்கு நான் சொல்லித் தருவது காலைத் தரையில் தட்டி ஆடும் தட்டடவு மட்டும். ஆறடி இடம் போதும். முதலில் நிமிர்ந்து நின்றபடி மூன்று நிமிடம் முதல் காலத்தில் ‘தெய்யா தெய்’ தட்ட வேண்டும். பிறகு முட்டியை லேசாக மடக்கி மூன்றாம் காலத்தில் முப்பது விநாடி. அடுத்த ஒரு நிமிடம் மெதுநடை. இப்படி நான்கு சுற்றில் ஆரம்பித்து, சில வாரங்களில் எட்டுக்குப் போகலாம். வேகமாகத் தட்டும்போது ‘தெய்யா தெய்’ என்ற சொல்லுக்கட்டையும் சேர்த்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முழுதாகச் சொல்ல முடிந்தால் வேகம் பற்றாது. ஒரு நிமிட நடைக்குப் பிறகும் ஒரு வாக்கியம் கோர்வையாகப் பேச வராவிட்டால், அடுத்த சுற்றைத் தள்ளிப்போட வேண்டும். வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள்.

முழு அரைமண்டி சிறுவயதிலிருந்து பழகியவர்களுக்கு. நாற்பது வயது முட்டிக்கு அதில் கால்வாசி மடக்கினால் போதும். முட்டி கால்விரல் இருக்கும் திசையிலேயே போக வேண்டும், உள்ளே சாயக்கூடாது. குதிக்கும் அடவுகளைத் தொடவே வேண்டாம். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக்கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் ஆடாமல், கைக்கெட்டும் இடத்தில் சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். காலில் மரத்துப்போன உணர்வோ புண்ணோ இருந்தால் வெறுங்காலோடு தட்டாமல் ரப்பர் அடி வைத்த ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பாய் விரிக்க வேண்டாம், வழுக்கும். மொசைக் தரையில் வியர்வை சொட்டினால் அந்த ஒரு நிமிட ஓய்விலேயே துடைத்துவிடுங்கள்.