கம்பத்தை விட்டுப் போன கழுகு

நெப்போலியனின் யுத்தங்களைப் பல வருடங்களாக மாணவர்களுக்குக் கற்பித்து வந்தவன் நான். தேசப்படத்தில் அம்புக்குறியிட்டுப் பெரும் படைகளையெல்லாம் நடத்திக் காட்டியிருக்கிறேன். அப்படைகளின் முன்னே சென்ற கொடிக்கம்பத்தின் உச்சியில் என்ன இருந்தது என்று ஒரு நாளாவது சிந்தித்தேனில்லை. சிந்திக்க வைத்தது ஒரு களவு.

1990ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி அதிகாலையில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள இசபெல்லா ஸ்டூவார்ட் கார்ட்னர் நூதனசாலைக்குள் பொலிஸ் உடை தரித்த இருவர் புகுந்தனர். காவலாளிகளைக் கட்டிவைத்துவிட்டு 81 நிமிட நேரம் உள்ளே உலாவினர். வெர்மீர், ரெம்பிராண்ட் ஆகியோரின் ஓவியங்கள் உட்பட 13 பொருள்களைக் கவர்ந்து சென்றனர். அவற்றுள் ஒன்று, நெப்போலியனின் மெய்க்காவற் படைக் கொடிக்கு மேலே நின்ற, சாணளவு உயரமான முலாம் பூசிய கழுகு. கொடியைச் சட்டத்திலிருந்து பெயர்க்க முயன்று, ஆகாமற்போகவே பறவையை மட்டும் எடுத்துச் சென்றனர் என்கிறார்கள். விலைமதிப்பற்ற ஓவியங்களை அள்ளியவர்களுக்கு இப்பறவை எதற்கு?

புலியையும் கயலையும் கொடித் துணியிலே கண்டு பழகிய நமக்கு ஒன்று புதுமையாகத் தோன்றும். நெப்போலியனின் சேனையில் துணி இரண்டாம் பட்சம். கம்பத்தின் உச்சியில் நின்ற கழுகே கொடி. உரோமப் படைகளின் சின்னத்தைத் தழுவி, சிற்பி ஷோதே அதை வடிவமைத்தார். காலடியில் இடியேறு, அதன் கீழ்ப் பீடத்தில் படையின் இலக்கம். வெண்கலத்தில் வார்த்து முலாம் பூசிய அதன் நிறை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1804 டிசம்பர் 5ஆம் திகதி பாரிசில் நெப்போலியன் தன் கையாலேயே கழுகுகளைப் படைகளுக்கு வழங்கினான். உயிரைக் கொடுத்தேனும் காப்போம் என்று வீரர் சத்தியம் செய்தனர்.

அச்சத்தியம் வெறும் சடங்கல்ல. 1811 மார்ச் 5ஆம் திகதி, ஸ்பெயினில் காடிஸ் நகருக்கு அண்மையிலுள்ள பரோசாவில், பிரெஞ்சுச் சேனையின் 8ஆம் இலக்கப் படையின் கழுகைப் பற்றப் பாய்ந்தான் கியோ என்னும் ஐரிஷ் இளம் அதிகாரி. அவ்விடத்திலேயே மாண்டான். அவனுக்குப் பின் மாஸ்டர்சன் என்ற சார்ஜன்ட் அதைப் பறித்தெடுத்தான். அதைக் காத்து நின்று மடிந்த பிரெஞ்சுக்காரரின் பெயர்களை நான் வாசித்த நூல்கள் சொல்லவில்லை. வென்றவர் எழுதிய சரித்திரம் அப்படித்தான். கழுத்தில் பொன் வாகைமாலையுடன் இலண்டனுக்குச் சென்ற அக்கழுகு, பின்னர் செல்சியிலுள்ள முதிய போர்வீரர் இல்லத்தின் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. அங்கிருந்து 1852 ஏப்ரலில் களவு போயிற்று. கள்வன் கம்பை விட்டுப் பறவையை மட்டும் கொண்டு சென்றான்! அதற்கு அடுத்த மாதமே மூன்றாம் நெப்போலியன் பாரிசில் தன் சேனைக்குப் புதிய கழுகுகளை வழங்கினான். இரண்டையும் தொடர்புபடுத்த நான் வரவில்லை. ஆண்டு ஒன்றாயிருப்பது மட்டும் விசித்திரம்.

இவை அரிதானமைக்குக் காரணம் போர்க்களம் மட்டுமன்று. 1814இல் நெப்போலியன் முடிதுறந்ததும், மீண்டு வந்த பூர்போன் அரசு கழுகுகளை அழிக்குமாறு கட்டளையிட்டது. எதிரியிடம் தோற்றதைவிடச் சொந்த நாட்டு உலையில் உருகியவையே மிகுதியாயிருக்கும் என்பது என் ஊகம். இன்னொரு விதத்தில், எதிரியின் கைப்பட்டவைக்கே ஆயுள் கெட்டி: வாட்டர்லூவில் பிடிபட்ட 45ஆம், 105ஆம் படைகளின் கழுகுகள் முறையே எடின்பரோவிலும் இலண்டனிலும் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் படையுடையது, எந்த நாளில், எவன் கையால் வந்தது என்பது யாவும் எழுத்திலே கிடக்கின்றது. அந்த எழுத்து இல்லையேல் மிஞ்சுவது இரண்டு கிலோ வெண்கலம்.

பொஸ்டன் கள்வர் அறியாதது இதுதான் போலும். 2015இல் நூதனசாலை இக்கழுகுக்கென்றே தனியாக 1,00,000 டொலர் சன்மானம் அறிவித்தது. கழுகோ திரும்பவில்லை. எவரேனும் அதை வைத்திருப்பாராயின், இது இன்னதென்று வாய்திறந்து சொன்னால் அகப்படுவார். சொல்லாவிட்டால் அது ஒரு மேசைப் பொம்மை. தாம் அமைத்த ஒழுங்கை மாற்றலாகாதென்று அம்மையார் கார்ட்னர் உயிலில் எழுதிவைத்தபடியால், களவுபோன ஓவியங்களின் வெறுஞ்சட்டங்கள் இன்னும் அச்சுவர்களில் தொங்குகின்றன. கொடியும் தன் சட்டத்தினுள் இருக்கின்றது, மேலே கழுகில்லாமல்.