உப்பளத்தில் கண் கூசுவது ஏன்?

பிள்ளைகளே, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? மரக்காணம் வந்ததும் சாலையோரம் கட்டம் கட்டமாக உப்பளப் பாத்திகள் தெரியும். வெயில் ஏறும் காலை வேளையில் பாத்தி நீரைப் பார்த்தால் கண் கூசும். நமக்கு ஒரு நிமிடம்தான். அங்கே நின்று உப்பு வாருகிறவர்களுக்கோ நாள் முழுவதும் இதே பாடு!

இந்தக் கூச்சத்துக்குள் ஓர் இயற்பியல் பாடம் இருக்கிறது. ஒரு கயிற்றின் நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுநுனியை மேலும் கீழுமாக உதறுங்கள். அலை ஓடும். பக்கவாட்டில் உதறினாலும் ஓடும். ஒளியும் இப்படி அதிரும் ஒரு மின்காந்த அலைதான். சூரிய ஒளியில் எல்லாப் பக்க அதிர்வுகளும் கலந்திருக்கும். அது நீரில் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, படுக்கைவாட்டு அதிர்வே அதிகமாக எதிரொளிக்கும். செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் பட்டால், எதிரொளிப்பது முழுக்கப் படுக்கைவாட்டு அதிர்வுதான். இதற்குத் தளவிளைவு என்று பெயர்.

'போலராய்டு' கண்ணாடி செங்குத்து அதிர்வை மட்டும் உள்ளே விடும். நீரின் பளபளப்பு அடங்கி, பாத்தியின் தரையே தெரியும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி இதைச் செய்யாது. எல்லாவற்றையும் மங்கலாக்கும், அவ்வளவே. ஆனால் உப்புக் குவியலின் வெண்மையிடம் போலராய்டின் தனி வித்தை பலிக்காது. உப்புப் பரல்கள் ஒளியைப் பல பக்கமும் சிதறடித்து, அதிர்வுகளை மறுபடி கலந்துவிடுகின்றன. அங்கே கண்ணாடியின் கறுப்புதான் கைகொடுக்கும்.

நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனுக்கும் இதில் பங்கு உண்டு. 1921-ல் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' கப்பலில் திரும்பினார். வானத்தின் நிழல் விழுவதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று அப்போது சொல்லி வந்தார்கள். ராமன் விடுவாரா? கையிலிருந்த நிக்கல் பட்டகத்தின் வழியே (நிக்கல் உலோகம் அல்ல, அதைச் செய்தவர் பெயர்) கடலைப் பார்த்தார். வானத்தின் எதிரொளி மறைந்தது. நீலமோ இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது! நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்றார். நீர் சிவப்பு நிறத்தை உறிஞ்சுவதும் ஒரு பெரிய காரணம் என்று இன்று அறிகிறோம். அந்தச் சிதறல் ஆராய்ச்சியே வளர்ந்து, 1928-ல் 'ராமன் விளைவு' ஆகி, 1930-ல் நோபல் பரிசைத் தந்தது.

வீட்டில் யாரிடமாவது போலராய்டு கண்ணாடி இருந்தால், அதன் வழியே கால்குலேட்டர் திரையைப் பாருங்கள். கண்ணாடியை மெல்லச் சுழற்றினால், ஓரிடத்தில் திரை இருண்டுவிடும். சூரியனை மட்டும் எந்தக் கண்ணாடி வழியாகவும் நேராகப் பார்க்காதீர்கள்.