நாற்றுக்கு ஒரு யூனிட் வெளிச்சம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டகைக்குள் வைத்த கத்தரி, மிளகாய் நாற்று வெளிச்சம் தேடி நெடுநெடுன்னு வளர்ந்து, வெளுத்துச் சாயும். நட்டால் தேறாது. அந்த நாட்களுக்காக எல்.இ.டி. பட்டைகளை வைத்து நானே விளக்கு செய்துகொண்டேன்.

மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் 12 வோல்ட் வெள்ளைப் பட்டை 5 மீட்டர் வாங்கினால் 72 வாட், 6 ஆம்பியர். இதற்கு 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். போட்டால் திணறாது. பட்டையைக் குறியிட்ட இடத்தில் மட்டும் ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் கொடுங்க; ஒரே நீளமாக விட்டால் கடைசி முனை மங்கும். அலுமினியச் சட்டத்தில் ஒட்டினால் சூடு இறங்கும், ஆயுள் கூடும். சிவப்பும் வேணும்னா 660 நானோமீட்டர் என்று சொல்லி வாங்குங்க. அலங்காரப் பட்டையின் சிவப்பு வேறு. நாற்றுக்கு வெள்ளையே போதும். 230 வோல்ட் இணைப்பில் தண்ணீர் படவே கூடாது.

நாற்றுக்கு ஒரு சாண் மேலே, தினம் 14 மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய ஒரு யூனிட். வெயில் வந்ததும் விளக்கை அணைத்து, தட்டுகளை மெல்ல மெல்ல வெளியே பழக்குங்க.

கடன் மனு பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்: நாற்றைக் காப்பாற்றும் அந்த ஒரு யூனிட் வரவு. காய்க்கும்வரை விளக்கிலேயே வளர்ப்பது நஷ்டம். அதற்குச் சூரியன் இருக்கு, பில் வராது.